கோணலூர் மாப்பிள்ளையின் பச்சைக் கூலன்ட்

கோணலூர்க்காரர்களின் அறிவைப் பற்றி ஊர் உலகம் நாலு விதமாகப் பேசும். ஆனால் சொன்ன சொல்லை எழுத்துப் பிசகாமல் கேட்பவர்கள் என்பதை அவர்களுடைய எதிரிகளும் ஒப்புக்கொள்வார்கள்.

அவ்வூர்ப் புகழேந்திக்கு ஊட்டியில் கல்யாணம். பத்து மணிக்கு முகூர்த்தம். தாய்மாமன் ஐயாக்கண்ணுவையும் பங்காளிகள் வடமலை, சீரங்கன் இருவரையும் தன் பழைய காரில் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் கிளம்பினார். மலையடிவாரத்தில் காரின் மூக்கிலிருந்து ஆவி பறந்தது.

ஒரு மெக்கானிக் வந்து பார்த்தார். "இன்ஜின் சூட்டைத் தணிக்கற கூலன்ட் குறைஞ்சுபோச்சுங்க. உள்ளே இருக்கறது பச்சை. பச்சையே வாங்கி, பாதிக்குப் பாதி தண்ணி சேர்த்து ஊத்துங்க. வேற நிறம் சேரக் கூடாது, அடைச்சுக்கும். முக்கியமா, சூடு ஆறாம மூடியைத் திறக்காதீங்க." சொல்லிவிட்டு ஒரு லாரிக்கு அடியில் போய்விட்டார்.

"எப்ப ஆறும் மாமா?" என்றார் புகழேந்தி.

"சும்மா நின்னா எப்படி மாப்ளே ஆறும்? நாமதான் ஆத்தணும்."

திறக்கக் கூடாதது மூடி. ரேடியேட்டருக்கு அடியில் இருந்த திருகாணியைப் பற்றி மெக்கானிக் மூச்சு விடவில்லை. அதைத் திறந்து கொதிநீரை வாளியில் பிடித்தார்கள். வடமலை கையில் ஒரு வாளி, சீரங்கன் கையில் ஒரு வாளி. டீக்கடைக்காரர் வெட்கப்படும்படி ஆள் உயரத்துக்குத் தூக்கித் தூக்கி ஆற்றினார்கள். நன்றாகவே ஆறியது. வாளியில் ஒரு கை அளவு மிஞ்சியது. மற்றதெல்லாம் வடமலையின் பட்டு வேட்டியில் இருந்தது.

"நுரையே வரலையே," என்று சீரங்கன் கவலைப்பட்டார்.

"பால் சேர்க்காததுக்கு நுரை எங்கேருந்துடா வரும்?" என்றார் மாமா. விவரம் தெரிந்தவர்.

பக்கத்துக் கடையில் சிவப்பு, பச்சை இரண்டும் இருந்தன. சிவப்புதான் மங்களகரம் என்று வடமலை வாதாடியும், மெக்கானிக் சொல்லை மீறாமல் பச்சையே வாங்கினார்கள். தண்ணீருக்குக் கடைக்காரர் குழாயைக் காட்டினார். மாமா அதைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

"இதுக்கு நிறமே இல்லையேடா."

"இல்லாட்டி என்ன மாமா?" என்றார் சீரங்கன்.

"இது பச்சையா?"

"இல்லை."

"அப்ப வேறதானே?"

தர்க்க சாஸ்திரம் படித்தவர்களுக்கும் இந்த இடத்தில் மாமாவை மறுப்பது சிரமம். கடைக்குப் பின்னால் ஒரு பாசிக் குட்டை இருந்தது. பாட்டிலைப் பக்கத்தில் பிடித்து நிறம் ஒப்பிட்டு, மிகப் பச்சையான மூலையாகப் பார்த்து மொண்டார்கள். பாதிக்குப் பாதி, சொட்டுப் பிசகாமல் ஊற்றினார்கள்.

இரண்டாவது கொண்டை ஊசி வளைவில் ரேடியேட்டர் அடைத்து, கார் நின்றது.

"கூலன்ட்ல என்னத்தையோ கலந்துட்டான் படுபாவி கடைக்காரன்," என்றார் மாமா.

நல்ல வேளையாக ஊட்டி பஸ் ஒன்று வந்தது. "ஏறுங்க, முகூர்த்தத்துக்குள்ள விட்டுடறேன்," என்றார் கண்டக்டர். ஆனால் காரைக் காட்டில் தனியாக விடுவதா? யாராவது ஒருவர் காவல் இருந்தாக வேண்டும்.

"தாலி என்கிட்ட இருக்கு. நான் போயே ஆகணும்," என்றார் மாமா.

"மாலை என்கிட்ட," என்றார் வடமலை.

"நான் மாப்பிள்ளைத் தோழன். நான் இல்லாம கல்யாணம் எப்படி நடக்கும்?" என்றார் சீரங்கன்.

மூவரும் புகழேந்தியைப் பார்த்தார்கள். அவர் நன்றாக யோசித்தார். "எனக்குத்தான் அங்கே யாரும் ஒரு வேலையும் சொல்லலை. நீங்க போங்க மாமா, நான் பார்த்துக்கறேன்."

பஸ் சொன்னபடி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மண்டப வாசலில் பெண்ணின் தகப்பனார் மூவரையும் எண்ணினார், மறுபடியும் எண்ணினார்.

"மாப்பிள்ளை எங்கேங்க?"

"வண்டிக்குக் காவல் இருக்காருங்க சம்பந்தி," என்றார் மாமா பெருமையோடு. "அவ்வளவு பொறுப்பு. உங்க பொண்ணு கொடுத்து வெச்சவ."