மூடிக்கு உள்பக்கம்

“டீச்சர், எட்டும் நல்ல சிப். எட்டையும் ஒண்ணாச் செருகினா மெஷின் படுத்துக்கிடுது. இது என்ன நியாயம், நீங்களே சொல்லுங்க.”

இருதயராஜ் கேட்டார். கேட்டார் என்பதைவிட முறையிட்டார் என்று சொல்லலாம்.

கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஜமீலா டீச்சர் அவரைவிட இருபது வயசு இளையவள். காலேஜில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறவள். லீவு நாளில் தூத்துக்குடியில் தன் வீட்டு மாடியில் பட்டறையைத் திறந்து வைப்பாள். டிவியில் மாட்டி, டேப் போட்டு ஓட்டுகிற அந்தக் காலத்து வீட்டுக் கம்ப்யூட்டர்கள் அங்கே எழுந்து உட்காரும்.

இவருக்கு அவள் டீச்சர். அவளுக்கு இவர் அண்ணாச்சி. அதில் ரெண்டு பேருக்கும் கூச்சம் கிடையாது.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. சரி பண்ணின மெஷின் காலையிலிருந்து சாயங்காலம் வரை நிற்காமல் ஓடவேண்டும். ஓடிவிட்டால், சரி பண்ணினவர் மூடியைக் கழற்றி, உள்பக்கத்தில் தன் பேரை எழுதிக்கொள்ளலாம். எழுதி, மூடி, திருகை முடுக்கிவிட வேண்டும்.

அங்கே வந்துபோகிற எல்லாருக்கும் ஏதோ ஒரு மூடிக்குள் பேர் இருந்தது. இருதயராஜுக்கு மட்டும் இல்லை.

அவர் கையில் எடுத்த மெஷின் நினைவகம் குறைச்சலான மாடல். உள்ளே எட்டுக் குழி காலியாகக் கிடந்தது. எட்டுச் சிப் செருகினால் நினைவகம் மூணு மடங்கு ஆகிவிடும். வேலை அவ்வளவுதான்.

செருகினார். ஓடியது.

மார்பை நிமிர்த்திக்கொண்டு ஒரு சுற்று சுற்றி வந்தார். திரும்பிப் பார்த்தால் திரை முழுக்கக் கிறுக்கல்.

ஒரு நாள் மத்தியானம் வரை ஓடும். இன்னொரு நாள் சுவிட்சைப் போட்டதுமே படுத்துக்கொள்ளும்.

மனுசன் அவசரப்பட்டு மனைவி மரியபுஷ்பத்திடம் வேறு சொல்லிவிட்டார், பேர் எழுதப்போகிறேன், மக்ரூன் வாங்கிக்கொண்டு வா என்று. போன ஞாயிற்றுக்கிழமை அவளும் பெட்டியோடு வந்தாள். அவள் படியேறும்போதே மெஷின் நின்றுபோனது.

“பேருக்குத்தான் வழி இல்ல, மக்ரூனாவது வந்துச்சே” என்று ஒருத்தன் சொல்லிக்கொண்டே தின்றான். அது இவர் காதில் விழுந்தது.

“எட்டும் நல்ல சிப்னு எப்படித் தெரியும் அண்ணாச்சி?” என்று டீச்சர் கேட்டாள்.

“டெஸ்டர்ல போட்டேன். பச்சை விளக்கு எரிஞ்சுது.”

“பச்சைன்னா?”

“எனக்கா தெரியாது? இதெல்லாம் பாதிச் சிப். உள்ளே மேல் பாதி, கீழ்ப் பாதின்னு ரெண்டு இருக்கு. ஒண்ணு பழுது, ஒண்ணு நல்லது. தூரப் போடாம, நல்ல பாதியை மட்டும் வச்சு ஓட்டுனாங்க. ஏதாவது ஒரு பாதி நல்லா இருந்தா பச்சை.”

“மெஷின்ல தப்புக் காட்டுற சிப்பை என்ன செய்யுதீங்க?”

“கழட்டி டெஸ்டர்ல வைப்பேன். பச்சை காட்டும். டப்பாவுல போட்டுட்டு வேற ஒண்ணை எடுப்பேன்.”

“அதே டப்பாவுலயா?”

“நல்ல சிப்தானே டீச்சர்!”

டீச்சர் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

“பளபளன்னு இருக்கு.”

இருதயராஜ் முகம் மலர்ந்தது. கப்பலில் பித்தளைக் குமிழைத் துடைத்துத் துடைத்து வந்த பழக்கம். துடைக்காத பொருளைக் கையால் தொடமாட்டார்.

“மூணு செத்த மெஷின்ல இருந்து கழட்டுனது டீச்சர். முதுகெல்லாம் அழுக்கு, எழுத்து, நம்பர். பெயின்ட் தின்னர் போட்டு மொத்தத்தையும் எடுத்துட்டேன்.”

“நம்பரையுமா?”

“மூடியைத் திறந்தா கண்ணாடி மாதிரி இருக்கணும்லா?”

டீச்சர் சிப்பைத் திரும்ப டப்பாவில் போட்டாள். எழுந்து வெளியே போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள்.

“கீழ போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க அண்ணாச்சி.”

“நான் கேட்டதுக்குப் பதில்?”

“முதல்ல டீ.”

முணுமுணுத்துக்கொண்டே வாசலுக்கு வந்து செருப்பில் காலை நுழைத்தார். நாலு எட்டு வைத்திருப்பார்.

“டீச்சர்! என் செருப்பை எவனோ மாத்திட்டான்!”

“பிஞ்ச செருப்பா?” உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

“இல்ல. புதுசு மாதிரிதான் இருக்கு.”

“சின்னதா, பெருசா?”

“என் அளவுதான்.”

“பிறகென்ன? நல்ல செருப்பு. நடங்க.”

“எப்படி நடக்க? ரெண்டும் இடது—”

அப்படியே நின்றார்.

காலைப் பார்த்தார். மெல்லத் திரும்பினார். செருப்போடு பட்டறைக்குள் வந்தார். அங்கே யாரும் செருப்போடு நுழைகிறதில்லை. டீச்சர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

மெஷினின் மூடியைத் திறந்தார். எட்டுக் குழிக்கும் பக்கத்தில் ஒரு துண்டுக் கம்பி. இந்தப் பக்கம் பற்றவைத்தால் எட்டிலும் மேல் பாதி வேலை செய்யும். அந்தப் பக்கம் வைத்தால் எட்டிலும் கீழ்ப் பாதி. எட்டுக்கும் ஒரே கம்பி.

பற்றவைத்ததே அவர்தான்.

“எந்தப் பாதி நல்லதுன்னு அந்த நம்பர்தான் சொல்லும், இல்லையா டீச்சர்?”

“ஆமா அண்ணாச்சி.”

“அதைப் போயி நான்...”

டீச்சர் அவர் முகத்தைப் பார்த்தாள். “முழுசும் நல்ல சிப் இப்ப கடையில கிடைக்குது. எட்டு வாங்கித் தரட்டுமா? அதுவும் ஒரு வழிதான். நாளைக்கே ஓடிடும்.”

இருதயராஜ் தலையை நிமிர்த்தினார்.

“வேண்டாம். அழிச்சவன் நான். நானே எழுதுதேன்.”

கம்பியைக் கீழ்ப் பாதிப் பக்கம் வைத்தார். இன்னொரு காலி டப்பா கொண்டுவந்தார். ஒரு சிப்பைச் செருகுவார், மெஷினை ஓட்டுவார், காத்திருப்பார். தப்புக் காட்டினதைக் கழற்றி, கம்பியை மாற்றி, மேல் பாதியையும் ஓட்டிப் பார்ப்பார். அதில் ஓடினால் புது டப்பாவுக்குப் போகும். பழைய டப்பாவுக்கு அது திரும்பவில்லை.

எந்தப் பொருளிலும் ஒரு பொட்டு அழுக்குப் பொறுக்காத மனுசன், குண்டூசி நுனியில் வெள்ளைப் பெயின்டைத் தொட்டு ஒவ்வொரு சிப்பின் முதுகிலும் புள்ளி வைத்தார். கீழ்ப் பாதி நல்லதென்றால் கீழ் ஓரத்தில். மேல் பாதி நல்லதென்றால் மேல் ஓரத்தில்.

“என்ன அண்ணாச்சி, சிப்புக்கெல்லாம் பொட்டு வைக்கீங்க?” மக்ரூன் தின்றவன் கேட்டான்.

“கல்யாணம்ல. பந்திக்கு இருந்து சாப்பிட்டுட்டுப் போ.”

புது டப்பாவின் மேலே எழுதி ஒட்டினார்: மேல் பாதி. நல்லது.

ஞாயிற்றுக்கிழமை காலையில், கம்பியைக் கீழ்ப் பாதிக்கே வைத்து, கீழ் ஓரத்தில் புள்ளி உள்ள எட்டைச் செருகிச் சுவிட்சைப் போட்டார். டீக்குக்கூடக் கீழே போகவில்லை. மத்தியானம் தாண்டியது. வெயில் சன்னலை விட்டு இறங்கியது. திரையில் ஒரு கிறுக்கல் இல்லை.

மரியபுஷ்பம் வெறுங்கையோடு வந்தாள். “இந்தத் தடவை உங்களை நம்பி நான் மக்ரூன் வாங்கல.”

டீச்சர் பேனாவை நீட்டினாள். “எழுதுங்க அண்ணாச்சி.”

மூடியைக் கவிழ்த்து வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, நின்று நிதானித்து எழுதினார்.

*இருதயராஜ்.*

பேனாவைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அதன் கீழே இன்னொரு வரி எழுதினார்.

*எட்டும் கீழ்ப் பாதி.*

மூடினார். திருகை முடுக்கினார். சட்டை நுனியால் மேல்புறத்தை ஒரு துடை துடைத்துவிட்டு, ராஜா மாதிரி உட்கார்ந்தார்.

மரியபுஷ்பத்துக்கு மனசு ஆறவில்லை. “ஏங்க, இம்புட்டுப் பாடுபட்டு, உள்ளே எழுதி மூடிட்டீங்களே. இதை யாரு படிப்பா?”

டீச்சர் பதில் சொல்ல வாயெடுத்தாள். இருதயராஜ் கையைக் காட்டி நிறுத்தினார்.

“அடுத்தாப்ல திறக்குதவன் படிப்பான்” என்றார். “அதுக்கு முன்னாடி எவனும் தின்னர் போட்டுத் துடைக்காம இருந்தா.”