குளத்து விரிசலும் மேட்டு விரிசலும்

ஒரு காட்டில் குளம் வற்றிப்போனது. அதன் அடிமண் முழுவதும் வெடித்துக் கிடந்தது. விலங்குகளுக்கு உடனே பெருச்சாளி மேல்தான் சந்தேகம் வந்தது. பக்கத்து மேட்டுக்கு அடியில் சுரங்கம் தோண்டிக் கிழங்கு எடுப்பது அதன் தொழில்.

"தோண்டித் தோண்டியே குளத்தை உடைத்துவிட்டான்! காட்டைவிட்டுத் துரத்துங்கள்!" என்று கத்தியது நரி.

"நான் குளத்துப் பக்கமே போகவில்லை!" என்று அழுதது பெருச்சாளி.

அந்த ஆண்டு நியாயம் சொல்லும் முறை உடும்புக்கு. அது குளத்தில் இறங்கியது. வெடிப்புகள் தேனடைபோலக் கட்டம் கட்டமாக இருந்தன. ஒன்றில் வாலை விட்டுப் பார்த்தது. பாதி வால் இறங்குவதற்குள் ஈரமண் தட்டியது.

"மேல்மண் மட்டும்தான் காய்ந்து சுருங்கியிருக்கிறது. விரிசலுக்குக் காரணம் வெயில். பெருச்சாளி மேல் குற்றம் இல்லை" என்று உடும்பு தீர்ப்புச் சொன்னது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. சொன்ன தீர்ப்பை அடுத்த மழை வரும்வரை யாரும் மாற்றக் கூடாது.

பெருச்சாளிக்குத் துணிச்சல் வந்துவிட்டது. மேடு இடியாமல் இருக்க, சுரங்கத்துக்குள் ஆங்காங்கே தூண்போல மண்ணை விட்டுவைத்திருந்தது. அந்தத் தூண்களிலும் கிழங்கு இருந்தது. இப்போது அவற்றையும் குடைந்து தின்றது.

சில நாட்களில் மேட்டின் மேல் ஒரு விரிசல் தெரிந்தது. அங்கேதான் புங்கமரத்தடிப் புதரில் முயல் தன் மூன்று குட்டிகளை வைத்திருந்தது.

"அண்ணே, உங்கள் சுரங்கம் என் குட்டிகளுக்குக் கீழேயா போகிறது?" என்று முயல் கேட்டது.

"போனால் என்ன? விரிசலுக்குக் காரணம் வெயில்! தீர்ப்பு உன் காதில் விழவில்லையா? அவ்வளவு பெரிய காது எதற்கு?" என்றது பெருச்சாளி.

முயல் தவித்தது. மற்ற இடங்களில் புல் கருகிக் கிடந்தது. குட்டிகளை வெட்டவெளிக்குக் கொண்டுபோனால் பருந்து விடாது. இங்கேயே விட்டால்? அது உடும்பிடம் ஓடியது.

உடும்பு வந்தது. பெருச்சாளியும் பின்னாலேயே வந்து, "தீர்ப்பை மாற்றக் கூடாது!" என்றது.

உடும்பு விரிசலைச் சுற்றி நடந்தது. இது கட்டம் கட்டமாக இல்லை. ஒரே கோடாக, வில்போல வளைந்து, சுரங்கத்தின் ஓரத்தை ஒட்டியே போனது. ஒரு கரை மற்றதைவிடத் தாழ்ந்திருந்தது. முழு வாலையும் விட்டும் அடி தட்டவில்லை. உடும்பு ஒரு கூழாங்கல்லை உள்ளே தள்ளியது. அது உருண்டுகொண்டே போகும் சத்தம் கேட்டது.

"இந்த மரத்தடியில் வெயிலே விழுவதில்லையே, பெருச்சாளி!"

"வெயில் என்று சொன்னதே நீங்கள்தானே, அக்கா?"

"நான் பார்த்தது குளத்து விரிசலை. இது வேறு. தாங்குவதற்கு ஒன்றும் இல்லாமல் மண் கீழே இறங்குகிறது. முயலே, குட்டிகளைத் தூக்கு! என் பாறை இடுக்கில் வை. நான் வெளியே படுத்துக்கொள்கிறேன்."

"வழக்கத்தை மீறுகிறீர்கள்!" என்று கத்தியது பெருச்சாளி.

"ஆமாம், மீறுகிறேன். மழை வந்தபிறகு தண்டனை கொடுங்கள்."

முயல் ஒவ்வொரு குட்டியாகக் கவ்விக்கொண்டு ஓடியது. பெருச்சாளி முணுமுணுத்துக்கொண்டே மிச்சக் கிழங்கை எடுக்கக் கிளம்பியது. மூன்றாவது குட்டியோடு முயல் மேட்டைவிட்டு இறங்கியதுதான் தாமதம், தடாலென்று ஒரு சத்தம்! புங்கமரம் சாய்ந்தது. புதர் இருந்த இடம் பெரும் பள்ளமானது.

சுரங்க வாசலைத் தாண்டாததால் பெருச்சாளி உயிர் தப்பியது. தலை முழுக்க மண்ணோடு தவழ்ந்து வந்தது.

நரி ஓடிவந்தது. "அன்றைக்கே சொன்னேனே! குளத்தை உடைத்ததும் இவன்தான்!"

"இல்லை. குளத்தை உடைத்தது வெயில். மேட்டை உடைத்ததுதான் இவன்" என்றது உடும்பு.

பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் கேடுகளுக்கெல்லாம் காரணமும் ஒன்றாக இருப்பதில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்த்த பிறகே பழி சுமத்தவும் வேண்டும், பழி நீக்கவும் வேண்டும்.