தயவுசெய்து சொன்ன குரங்கு

கோடையில் காட்டாறு வற்றிவிட்டது. மிருகங்களுக்கு மிஞ்சியது ஒரே ஒரு மணல் ஊற்று. அதை ஒரு பெண் யானை காலால் தோண்டிக் கொடுத்திருந்தது. அங்கே யாரும் முண்டியடிக்கக்கூடாது, குட்டிகள்தான் முதலில் குடிக்க வேண்டும் என்பது காட்டு வழக்கம்.

வால்முறுக்கி என்ற குரங்குக்கு வரிசையில் நிற்கப் பிடிக்காது. அது ஒருநாள் காட்டு பங்களாவின் கூரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. கீழே மனிதர்கள் ‘தயவுசெய்து’ என்றார்கள். உடனே நாற்காலி வந்தது, டீ வந்தது. அடடா, எல்லாம் இந்தச் சொல்லின் வேலைதான் என்று அசட்டுக் குரங்கு முடிவு கட்டிவிட்டது!

மறுநாள் ஊற்றில் பல்லைக் காட்டிக்கொண்டு, “தயவுசெய்து தள்ளு!” என்று மான்களை இடித்தது. முயலைத் தாண்டிக் குதித்தது. அந்தத் தள்ளுமுள்ளில் கரை சரிந்து ஊற்று மூடிக்கொண்டது. காட்டில் வேறு தண்ணீர் கிடையாது.

தழை தேடிக் களைத்துப்போய் வந்தது யானை. குரங்கு ஓடிப்போய், “தயவுசெய்து சீக்கிரம் தோண்டு. தாகமா இருக்கு” என்றது.

யானைக்குக் கோபம் வந்தது. “நான் என்ன உன் வேலைக்காரியா? அடுத்த காட்டுல ஓடை இருக்கு, தூரமானாலும் நான் போறேன்” என்று திரும்பி நடந்தது.

அப்போது ஒரு முள்ளம்பன்றி யானையின் முன்னால் வந்தது.

“காலையிலிருந்து நடந்திருக்கீங்க அக்கா, கொஞ்சம் நிழல்ல நில்லுங்க. சரிஞ்ச மணலை நாங்க அள்ளிப் போடறோம். ஆழமாத் தோண்ட மட்டும் உங்களாலதான் முடியும். களைப்பு தீர்ந்ததும் வந்தீங்கன்னா குட்டிங்க பிழைச்சுக்கும்.”

சொன்னதோடு நிற்காமல் மணலைப் பறிக்கவும் தொடங்கியது. மற்றவையும் சேர்ந்துகொண்டன. யானை திரும்பிப் பார்த்தது. பிறகு நிழலைக்கூடத் தேடாமல் வந்து காலை ஊன்றித் தோண்டியது. தண்ணீர் குபுகுபுவென்று ஊறியது.

குரங்கு வெட்கப்பட்டு ஓரமாக ஒதுங்கி நின்றது. குட்டிகள் குடித்து முடித்ததும் முள்ளம்பன்றி அதைக் கூப்பிட்டது. “வாப்பா, நீயும் தவிச்சுப் போயிருப்பே. குடி.”

நாக்கு வறண்டிருந்த குரங்கு தண்ணீரைப் பார்த்தது. மண் அப்பிய முள்ளம்பன்றியின் முகத்தையும் பார்த்தது. “முதல்ல நீங்க குடிங்கண்ணே” என்று விலகி வழிவிட்டது. தயவுசெய்து என்று அது சொல்லவில்லை. ஆனாலும் முள்ளம்பன்றிக்கு மனம் குளிர்ந்தது.

மனதில் அன்பு இல்லாமல் சொன்னால், எவ்வளவு மரியாதையான சொல்லும் அதட்டல்தான்.