காயவைத்து எடை போட்ட விமானம்

பொள்ளாச்சிக்குத் தெற்கே கொழுந்தம்பாளையம் என்கிற ஊரில் ஒரு விமானச் சங்கம் இருந்தது. அதன் உறுப்பினர்கள் மூவரும் விமானத்தை அண்ணாந்து பார்த்தவர்களே தவிர, அருகில் பார்த்தவர்கள் அல்ல. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நட்சத்திரங்களை ஆராய்கிறவர்களும் அப்படித்தான் பார்க்கிறார்கள்.

தலைவர் நாச்சிமுத்து கொப்பரைக் களம் வைத்திருந்தார். உடைத்த தேங்காயை வெயிலில் காயவைத்து, எடை போட்டு விற்பது அவர் தொழில். களத்து ஆபீஸ் அறையில் ஒரு கம்ப்யூட்டர். அதில் விமானம் ஓட்டும் விளையாட்டு. மயில்சாமிக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும். படித்ததை அப்படியே செய்யவும் செய்வார். மூன்றாமவன் சென்னியப்பன்தான் விமானி. அவனுக்கு அதே ஊர் பூங்கோதையைக் கட்டிக்கொள்ள ஆசை.

பூங்கோதையின் அப்பா வெள்ளியங்கிரி, ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். பெண் கேட்டுப் போன சென்னியப்பனிடம் அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"தம்பி, என்ற சர்வீஸ் பூராவும் மதுரைக்குத் தரையிலயே போயிட்டேன். ஒருக்கா மேலால போகோணும். உங்க விமானத்துல என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்துட்டா பூங்கோதை உங்களுக்கு. ஞாயித்துக்கிழமை வாறேன்."

விளையாட்டோடு இலவசமாக வந்த விமானத்தில் வருங்கால மாமனாரை ஏற்றுவது மரியாதையாக இருக்காது என்று சங்கம் முடிவு செய்தது. இப்படிப்பட்டவர்களுக்காகவே தனியாக விமானங்கள் செய்து இணையத்தில் விற்கிறார்கள். வாங்கி விளையாட்டில் சேர்த்துக்கொள்ளலாம். தேடியதில் இரண்டு அகப்பட்டன. ஒன்று ஸ்பாரோ, இன்னொன்று ஃபின்ச். இரண்டுக்கும் ஒரே இஞ்சின், நாலு சீட்டு, தலைக்கு மேல் இறக்கை. விலையும் ஒன்றே. ஒன்றில் நீலக்கோடு, மற்றதில் அதைவிடச் சற்று வெளிறிய நீலக்கோடு.

"ரெண்டையுமே இலகு ரக விமானம்னு போட்டிருக்குதுங்க" என்றார் மயில்சாமி.

"எது ரொம்ப இலகுன்னு போடலியா?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

"வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டையும் இறக்கி நாமளே சோதிச்சுப் பாக்கணுமாமுங்க" என்று மேலும் படித்தார் மயில்சாமி.

நாச்சிமுத்துவுக்குச் சோதிப்பது என்றால் எடை போடுவது. ஸ்பாரோவைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அதன் பெட்டியை வயர்களிலிருந்து கழற்றி, கொப்பரை மூட்டை போடும் தராசில் வைத்தார்கள். பிறகு ஸ்பாரோவை நீக்கி, ஃபின்ச்சை ஏற்றி வைத்தார்கள். எடை மாறவில்லை.

"காயாம எடை போட்டா இப்படித்தான்" என்றார் நாச்சிமுத்து. "ஈரத்துல எல்லாம் ஒண்ணுபோலத்தான் நிக்கும். வெயில் பட்டாத்தான் எதுல சரக்கு, எதுல தண்ணின்னு தெரியும்."

"கம்ப்யூட்டரை வெயில்ல வெக்கலாமுங்களா?" என்றான் சென்னியப்பன்.

"விமானம் எங்க தம்பி பறக்குது? நெழல்லயா?"

இது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. ஆகவே கொப்பரைகளுக்கு நடுவே பாய் விரித்து ஸ்பாரோவைக் காயவைத்தார்கள். மறுநாள் ஃபின்ச்சைக் காயவைத்தார்கள். காக்கை கொத்தாமல் மயில்சாமி குடை பிடித்துக் காவல் இருந்தார். நிழல் விழுந்ததால் அன்று வெயில் போதவில்லை என்று இன்னொரு நாளும் காயவைத்தார்கள். கடைசியில் தராசில் வைத்தபோது ஃபின்ச் ஒரு தேங்காய் அளவுக்குக் கூடுதலாக இருந்தது. பெட்டியின் மேல் மயில்சாமி ஒரு தேங்காயை மறந்து வைத்திருந்தார். அதை யாரும் கவனிக்காததால் முடிவில் கருத்து வேறுபாடு எழவில்லை. ஸ்பாரோவையே வாங்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளியங்கிரி வேட்டி மடிப்புக் கலையாமல் வந்து சேர்ந்தார். மயில்சாமி விமானத்தோடு வந்த கையேட்டைத் திறந்தார்.

"புறப்படறதுக்கு முன்னாடி விமானத்தை ஒருதரம் சுத்தி வந்து, எங்காச்சும் சேதம் இருக்குதான்னு பாக்கணுமுங்க."

கம்ப்யூட்டர் மேசை சுவரை ஒட்டிக் கிடந்தது. எனவே கட்டடத்தையே சுற்றி வந்தார்கள். கூரையில் ஓர் ஓடு உடைந்திருப்பது தெரிந்தது. இந்த நிலையில் மாமாவை ஏற்றலாமா என்று நெடுநேரம் விவாதித்து, மழைக்காலம் இல்லை என்பதால் பறக்கலாம் என்று தீர்மானித்தார்கள். பெல்ட் இல்லாததால் வெள்ளியங்கிரியைத் தேங்காய்நார்க் கயிற்றால் நாற்காலியோடு கட்டினார்கள்.

"எண்ணெய் எவ்வளவு ரொப்பறதுங்க?" என்று கேட்டான் சென்னியப்பன்.

"அத்தனை பாடுபட்டு இலகுவானதா வாங்கிட்டு, எண்ணெயை ஊத்திக் கனமாக்கறதா?" என்றார் நாச்சிமுத்து. "கொஞ்சமா ஊத்து."

கோயம்புத்தூரில் கிளம்பிய விமானம் திரையில் அழகாகப் பறந்தது. பழனி மலை தெரிந்தபோது, கட்டியிருந்த கைகளோடு வெள்ளியங்கிரி கும்பிட முயன்றார். ஒட்டன்சத்திரத்துக்கு மேலே வந்ததும் இஞ்சின் நின்றது.

"மாமா, பயப்படாதீங்க!" என்று அலறினான் சென்னியப்பன்.

மயில்சாமி பக்கங்களைப் புரட்டிப் படித்தார்: "இஞ்சின் நின்னா பதறக் கூடாது. பக்கத்துல இருக்கற திறந்தவெளியைப் பாத்து உடனே எறக்கோணும்." பிறகு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "பக்கத்துல நம்ம களந்தானுங்க!"

சென்னியப்பன் பெட்டியைத் தூக்கினான். மயில்சாமி திரையைத் தூக்கினார். நாச்சிமுத்து வெள்ளியங்கிரியை நாற்காலியோடு தூக்கினார். வயர்கள் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தன.

"திரை இருண்டு போச்சுங்களே!" என்றார் மயில்சாமி.

"இஞ்சினே நின்னு போச்சு, லைட்டு எங்கிருந்து எரியும்? நடப்பா!"

கொப்பரை வழுக்கினாலும் யாரும் விழவில்லை. களத்தின் நடுவே எல்லாவற்றையும் மெதுவாக இறக்கி வைத்தார்கள். கயிற்றை அவிழ்த்ததும் வெள்ளியங்கிரி எழுந்து வேட்டியை உதறிக்கொண்டார்.

"அலுங்காம எறக்கிப்போட்டீங்க தம்பி. ஆனா இது மதுரை இல்லியே."

சென்னியப்பன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "ஒட்டன்சத்திரமுங்க" என்றான்.

"வண்டி பிரேக்டவுன் ஆனா டிரைவர் மேல தப்பில்ல. ஆனா பயணியை அடுத்த வண்டியில ஏத்திவுடறது டிரைவர் பொறுப்பு. என்ற சர்வீஸ்ல ஒருத்தரையும் நடுவழியில நான் வுட்டதில்ல. மதுரை பஸ்ஸுல ஏத்துங்க."

சென்னியப்பனும் வெள்ளியங்கிரியும் ஊர் பஸ் நிறுத்தத்துக்குப் போய், வந்த பஸ்ஸில் ஏறினார்கள்.

"மதுரைக்கு ரெண்டு" என்றான் சென்னியப்பன்.

"இது ஒட்டன்சத்திரம் வரைக்குந்தான் போகும்" என்றார் கண்டக்டர். "அங்க எறங்கி மாறிக்குங்க."

வெள்ளியங்கிரி அவரை இரக்கத்தோடு பார்த்தார். "அங்கதானப்பா நிக்கறோம்."

"ஒட்டன்சத்திரத்துலயா நிக்கறீங்க?"

"ஆமா."

"அப்ப எறங்குங்க" என்று விசில் ஊதினார் கண்டக்டர். அவர் சொன்னதில் தவறு காண முடியாததால் இருவரும் இறங்கினார்கள். பஸ் போய்விட்டது.

வெள்ளியங்கிரி சுற்றிலும் பார்த்தார். "ஒட்டன்சத்திரம் அச்சு அசல் நம்மூராட்டவே இருக்குது, பாத்தீங்களா? அதே ஆலமரம். அதே டீக்கடை."

அப்போது பால் சொசைட்டியில் பாலை ஊற்றிவிட்டுக் காலித் தூக்குப்போசியுடன் பூங்கோதை வந்தாள். அப்பாவும் சென்னியப்பனும் வெயிலில் நிற்பதைக் கண்டு அருகில் வந்து நின்றாள்.

வெள்ளியங்கிரி சென்னியப்பனின் காதோரம் குனிந்தார். "இங்க பாருங்க. இந்த ஊர்ப் பொண்ணுகூட என்ற புள்ளையாட்டவேதான் இருக்குது. என்னை இன்னும் மதுரைக்குச் சேர்த்தாகல. நீங்க எதுக்குச் செரமப்படோணும்? இதையே கேட்டுக் கட்டிக்கலாமே?"

சென்னியப்பன் அவளை ஏறிட்டுப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

"வேண்டாமுங்க. இந்தப் பொண்ணு எத்தனை லட்சணமா இருந்தாலுஞ்செரி, எனக்குப் பூங்கோதைதானுங்க."

வெள்ளியங்கிரிக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். "போதும் மாப்ள. மதுரை கிடக்குது. வாற வளர்பிறையில முகூர்த்தம் வெச்சுக்கலாம்."

"அப்பா" என்றாள் பூங்கோதை, "ஆரைப் பத்திப் பேசறீங்க?"

வெள்ளியங்கிரி மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார்.

"கேட்டீங்களா மாப்ள? குரல்கூட அப்படியே இருக்குது."