அம்மை சொல்ல வந்தது

"அம்மை, நான் இங்கே வந்து வருஷங்கள் ஓடிவிட்டன. எனக்குத் தெரியாத ஒரு வார்த்தைகூட இதுவரை நீங்கள் சொல்லவில்லை."

தாணுமாலயன் கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார்.

அவர் வக்கீலாக இருந்து ஓய்ந்தவர். எதிர்த்தரப்பு வாய் திறக்குமுன் அது சொல்லப்போவதைத் தானே சொல்லி மடக்குவதில் பேர் வாங்கியவர். மனைவி போன பிறகு வீட்டை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, பழையாற்றங்கரையில் நாச்சியாரம்மையின் மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

அம்மை அவரைவிட இளையவர். பிறவியிலேயே திக்குவாய். 'மழை', 'வா', 'இரு' எல்லாம் தடையில்லாமல் வரும். வல்லினத்தில் தொடங்குகிற சொல் என்றால் போச்சு. கானாவுக்குத் தொண்டை அடைக்கும். தானாவுக்கு நாக்கு பல்லில் ஒட்டும். பானாவுக்கு உதடு பூட்டிக்கொள்ளும்.

அந்த நேரத்தில் தாணுமாலயன்தான் கைகொடுப்பார்.

அன்றும் அம்மை பதில் சொல்ல வாயெடுத்தார்.

"க்... க்..."

"கர்மம். புரிகிறது அம்மை. என் கர்மம் இன்னும் தீரவில்லை."

அம்மை அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ம்," என்றார்.

பிற்பகலில் ஆவுடை வந்தாள். பக்கத்து ஊரில் பாய் முடைகிறவள். வந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பனைக் கைநீட்டி அடிச்சிட்டுப் போன எம்மவன், இன்னிக்கு வந்து வாசல்ல நிக்கான் தாயி. அந்த மனுசன் அவனை நெனச்சு நெனச்சே போய்ச் சேர்ந்தாரு. இப்ப நான் உள்ள கூப்பிடவா, வெரட்டவா?"

அம்மையின் உதடுகள் ஒட்டிக்கொண்டன.

"ப்..."

"பந்தம்," என்றார் தாணுமாலயன். "பந்தத்தை அறு என்கிறார் அம்மை. அவனைப் போகச் சொல்லிவிட்டு..."

"அய்யா, தாயி இன்னும் வாயத் தெறக்கலையே. கொஞ்சம் இருங்க."

அவர் நிறுத்தினார். நீதிபதிகூட அவரை அப்படி நிறுத்தியதில்லை.

ஆவுடை அம்மையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவசரப்படவில்லை. அம்மையின் கழுத்து நரம்பு புடைத்தது. ஆற்றில் யாரோ துணி துவைக்கும் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடியும் கேட்டது.

"பசியாறினானா?"

ஆவுடை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தாள். நடந்தாள். வேலியைத் தாண்டியதும் ஓடினாள்.

தாணுமாலயன் அவள் போன திசையைப் பார்த்தபடி இருந்தார். அவள் 'இருங்க' என்று சொல்லாமல் விட்டிருந்தால், அந்தப் பிள்ளை இந்நேரம் பஸ் ஏறியிருப்பான்.

வெயில் தாழ்ந்தது. அம்மை அவர் பக்கம் திரும்பினார்.

"த்... த்..."

'தவம்' என்று அவருக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. 'தத்துவம்' வந்தது. 'தன்னை அறி' வந்தது. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

அம்மையின் நாக்கு பல்லிலிருந்து மெல்லப் பிரிந்தது.

"தண்ணி."

அவர் எழுந்து போய்ப் பானையிலிருந்து ஒரு செம்பு மொண்டு வந்தார். அம்மை அண்ணாந்து, மூச்சுவிடாமல் குடித்து முடித்தார்.

வெறும் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு தாணுமாலயன் நின்றார்.

"அம்மை, இதற்கு முன்னாலும் என்னிடம் கேட்டிருக்கிறீர்களா?"

"நிறைய," என்றார் அம்மை.