கயித்தப் புடிச்சா டிக்கெட்டு இல்ல

சிங்கத்துரைன்னு ஒரு குத்தகைக்காரர். கடற்கரைக்குள்ள கால் வைக்க இருபது ரூவா டிக்கெட்டுன்னு கேட்டப் போட்டு உக்காந்துட்டாரு. கரையில நின்னு கயித்தப் புடிச்சுக் கரைவலை இழுக்குறவங்களுக்கு மட்டும் டிக்கெட்டு கிடையாது. மணல்ல மீன் வறுத்து விக்குற பனிமயத்துக்கு யாவாரமே படுத்துருச்சு.

அன்னைக்கு வலை இழுக்கையில, அவ கயித்து நுனியக் கொண்டுபோயி கேட்டுக்கு வெளிய நின்ன கூட்டத்துக்கிட்டக் குடுத்தா. "புடிச்சு இழுங்க மக்கா!"

"இவ்வளவு பேரும் வலைக்காரங்களாம்மா?"ன்னு சீறுனாரு சிங்கத்துரை.

"கயித்தத் தொட்டவங்க எல்லாம் எங்காளுதான் அண்ணாச்சி, மீன்லயும் பங்கு உண்டு. வலை வர வர, கயித்துக் கடைசில நிக்குறவங்க முன்னால போயி தண்ணிகிட்டப் புடிக்கணும், வழிய விடுங்க!"

ஒவ்வொருத்தரா மொத்தக் கூட்டமும் உள்ள போயிருச்சு. சிங்கத்துரை கத்திக்கிட்டே பின்னால ஓடுனாரு.

"நீங்க கயித்தப் புடிக்கலியே அண்ணாச்சி, டிக்கெட்டு எங்க?"ன்னா பனிமயம்.

கூட்டம் கொல்லுன்னு சிரிச்சுது. மனுசன் வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு, தானும் கயித்தப் புடிச்சுட்டாரு.