உறை பிரிக்காத பேட்

பாளையங்கோட்டையில் பழைய நெல் குடோன் ஒன்றுக்கு வெள்ளையடித்து, கோடு போட்டு, வலை கட்டி ஷட்டில் ஆடும் இடமாக்கியிருந்தார்கள். அங்கே ஆடச் சொல்லித் தருகிறவர் பியூலா. வயது முப்பதைத் தொடவில்லை. ஆனாலும் நரைத்த தலைகள்கூட அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும்.

அந்த நரைத்த தலைகளில் ஒன்று பாத்திரக்கடை சங்கரலிங்கம் அண்ணாச்சி. தொந்தியைக் குறைக்க வந்தவர். தொந்தி இருந்த இடத்திலேயே இருந்தது, ஆட்டப் பைத்தியம்தான் பிடித்துக்கொண்டது.

அன்று மதியம் இஞ்சி தின்ற குரங்கு மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வந்தார்.

"மாஸ்டர், மோசம் போயிட்டேன். இது டூப்ளிகேட்டு."

கையில் புது பேட். பெரிய கம்பெனி பேர், சின்ன விலை. அடித்தது யோகம் என்றுதான் வாங்கினார். நேற்று ஓங்கி ஒரு ஸ்மாஷ் அடித்தபோது காக் என்கிற இறகுப்பந்து இந்தப் பக்கமே விழுந்தது, பேட் வலையைத் தாண்டிப் பறந்துபோய் சம்பந்தி காலடியில் விழுந்தது.

சம்பந்தி என்றால் செண்பகராமன். அண்ணாச்சியின் மகளைக் கட்டப்போகிற பையனுக்கு அப்பா. பேட்டைப் பொறுக்கி நீட்டியவர் சும்மா நீட்டினாரா?

"பாத்திரக்கடைக்காரருக்குக் கரண்டி பிடிக்கத்தான் தெரியும் போலிருக்கு."

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருக்கும் போட்டி. இரண்டு வீட்டு ஆட்களும் பார்க்க வருகிறார்கள். தோற்றால் இந்தக் கரண்டிப் பேச்சு கல்யாணப் பந்தியில் வரும், வளைகாப்பில் வரும், பேரன் காதுகுத்திலும் வரும்.

"இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள கொண்டு போனா கடைக்காரன் திருப்பி எடுத்துக்கிடுவான். அசலா போலியான்னு நீங்கதான் சொல்லணும் மாஸ்டர். இந்த ஸ்டிக்கரைப் பாருங்க. மினுங்கத்தான் செய்யுது. ஆனா எழுத்து கொஞ்சம் சரிஞ்சாப்ல இருக்கு. போன்ல வீடியோ போடுற ஒருத்தன் எழுத்து சரிஞ்சிருந்தா போலிங்கான். இன்னொருத்தன் சரியலேன்னா போலிங்கான்."

பியூலா ஸ்டிக்கரைப் பார்க்கவில்லை.

"அண்ணாச்சி, உங்க கடைக்குக் குடம் வாங்க வர்றவங்க எதைப் பாப்பாங்க?"

"சுண்டிப் பாப்பாங்க. அடியைத் தடவுவாங்க. தரையில வச்சு ஆடுதான்னு பாப்பாங்க. பிடிச்சுப் போச்சுன்னா அங்கயே பேர் வெட்டச் சொல்லிருவாங்க."

"ஸ்டிக்கரை?"

"அதை யாரு பாக்கா? வீட்டுக்குப் போனதும் தேய்ச்சுக் கழுவிருவாங்க."

"அப்போ இதையும் ஒரு குடமா நினைச்சுப் பாருங்க."

அண்ணாச்சி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு சட்டத்தின் விளிம்போடு பார்த்தார். கோணல் இல்லை. தண்டு சட்டத்தோடு சேருகிற இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். மேடு பள்ளம் இல்லை. சுண்டினார். காதருகே வைத்துக் குலுக்கினார். உள்ளே எதுவும் ஆடவில்லை. சட்டத்தில் பின்னியிருந்த நரம்பை அங்கங்கே அழுத்திப் பார்த்தார். ஒரே முறுக்காகத்தான் இருந்தது.

"குடமா இருந்தா நானே வாங்கியிருப்பேன்" என்றார், பாதி மனசோடு. "பிறகு ஏன் மாஸ்டர் கையை விட்டுப் பறக்கு?"

பியூலா பேட்டை வாங்கித் திருப்பினார். பிடியைச் சுற்றி கம்பெனி போட்ட பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. அதன்மேல் அந்த ஸ்டிக்கர். உறை முழுக்க வியர்வை.

அண்ணாச்சி வீட்டில் ரிமோட்டுக்கு உறை உண்டு. சோபாவுக்கு உறை உண்டு. கார் வாங்கி வருஷக்கணக்காகிறது, சீட்டில் பாலித்தீன் இன்னும் கிழியவில்லை. உட்காருகிறவர்கள் வழுக்கிக்கொண்டுதான் உட்கார வேண்டும். புதுசு புதுசாகவே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பியூலா உறையில் நகத்தைக் கொடுத்து சர்ரென்று ஒரே இழுப்பாக இழுத்தார். உறையோடு ஸ்டிக்கரும் இரண்டாகக் கிழிந்து வந்தது.

"ஐயையோ! என்ன மாஸ்டர் பண்ணிட்டிய! இனி எப்படித் திருப்பிக் குடுப்பேன்?"

"குடுக்க முடியாது. இனி ஆடத்தான் முடியும். வாங்க."

அழாத குறையாக அண்ணாச்சி போய் நின்றார். பியூலா ஒரு காக் எடுத்துத் தூக்கிப் போட்டார். கோபம் முழுவதையும் அதன்மேல் காட்டினார் மனுஷன். காக் எதிர்ச் சுவரில் போய் மோதியது. பேட் கையிலேயே இருந்தது. அதை ஒருமுறை பார்த்தார், கையை ஒருமுறை பார்த்தார்.

"இன்னொண்ணு போடுங்க மாஸ்டர்."

ஞாயிற்றுக்கிழமை குடோன் கல்யாண வீடு மாதிரி இருந்தது. செண்பகராமன் லேசுப்பட்ட ஆள் இல்லை. விட்டுக்கொடுக்காமல் ஆடினார். கடைசிப் புள்ளி வரைக்கும் சமமாகவே வந்தது. பந்தை உயரத் தூக்கிவிட்டார் சம்பந்தி. அண்ணாச்சி தொந்தியோடு எம்பினார். அடி விழுந்தது. காக் சம்பந்தி காலடியில் கிடந்தது, பேட் அண்ணாச்சி கையில் இருந்தது. கல்யாணப் பெண் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தாள். பொம்பளைப் பிள்ளை விசிலடிக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை.

சம்பந்தி கைகொடுக்க வந்தார். வந்தவர் பேட்டை வாங்கி முன்னும் பின்னும் புரட்டினார்.

"என்ன சம்பந்தி, ஸ்டிக்கரையே காணோம்? டூப்ளிகேட்டை வச்சா என்னைச் சாய்ச்சிய?"

ஜெயித்த முகம் சுருங்கிப்போயிற்று. அண்ணாச்சி நேராக பியூலாவிடம் ஓடினார். அவர் காக்குகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், இப்பவாவது சொல்லுங்க. இது அசலா, போலியா? கேக்கிறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"உங்க கடையில பேர் வெட்டுற மெஷின் இருக்குல்லா?"

"இருக்கு."

"பிடிக்கு அடியில ஒரு மூடி இருக்கு பாருங்க. அதுல பேர் வெட்டிருங்க."

அண்ணாச்சிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"சரியான யோசனை மாஸ்டர்! கம்பெனி பேர்தானே? எழுத்து சரியாம, அம்சமா வெட்டிருதேன்."

பியூலா டப்பாவை மூடினார்.

"குடம் வாங்குறவங்க கம்பெனி பேரையா அண்ணாச்சி வெட்டச் சொல்லுதாங்க?"